அன்று நான் கேட்காத கணக்கு

 

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்துப் பள்ளிக்கு நான் புதிதாக வந்திருந்த சமயம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் அடிக்கடி லீவு. ஏன்டா என்றால், "நேத்து எங்களுக்குப் பாடு டீச்சர்" என்பான். வெளியூர்க்காரியான எனக்கு என்ன தெரியும்? "பாடா? எங்கே, ஒரு பாட்டுப் பாடு பார்ப்போம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதன்பிறகு காரணமே சொல்வதில்லை.

போன மாதம் தம்பி மகள் வந்திருந்தாள். பொருளாதாரம் படிக்கிறாள். "அத்தை, கேம் தியரின்னு ஒண்ணு" என்று ஆரம்பித்தாள். நான் சீட்டாட்டமோ என்று நினைத்தேன்! ஆளாளுக்குத் தனக்கு லாபமானதையே செய்தால் எல்லோருக்கும் நஷ்டமாவது எப்போது, அதை எப்படித் தவிர்க்கலாம் என்றெல்லாம் ஆராய்கிற கணக்காம். இதை வளர்க்க 1999-இல் ஒரு பன்னாட்டுச் சங்கமே தொடங்கினார்களாம். முதல் தலைவர் ராபர்ட் ஆமன். 2005-இல் நோபல் பரிசு பெற்றவர்.

பிறகு எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையாரைப் பற்றிச் சொன்னாள். பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண், 2009-இல். துருக்கியில் அலன்யா என்ற ஊர் மீனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நல்ல இடத்துக்கு அடித்துக்கொண்டவர்கள், செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்து, தினமும் ஓர் இடம் தள்ளிப் போகும்படி ஏற்பாடு செய்துகொண்டார்களாம்.

"அடியே, இதுதான்டி பாடு!" என்றேன்.

முகத்துவாரத்துப் பக்கம் இறால் நிறைய விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே சுத்துவலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் சீட்டு, முறை. இன்று உனக்கு நல்ல இடம், நாளை எனக்கு. இதைப் பற்றி சாரா கூல்தார்ட் என்ற ஆய்வாளர் 2008-இல் ஆங்கிலத்தில் கட்டுரையே எழுதியிருக்கிறார். நான் பக்கத்திலேயே இருந்தும் கேட்கவில்லை.

குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். பாட்டுக்கு வெளியே நிற்பவர்கள் உண்டு. தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவும் இருளர் பெண்களுக்கு எந்தச் சீட்டும் இல்லை. அதுவும் அதே ஏரிதான்.

தம்பி, பெயர் போடவில்லை, படித்தால் உனக்கே தெரியும். அன்று சிரிக்க வைத்ததற்கு இந்த டீச்சரை மன்னித்துவிடு. முகத்துவாரம் மண்மூடிப் போகிற வருஷங்களில் முறையை எப்படிப் பிரிக்கிறீர்கள்? எனக்குப் போன் பண்ணிச் சொல்லு. இந்த முறை கேட்கிறேன்.