235-ன்னா என்னங்க?

தளத்துக்குத் தளம் தனி எழுத்துரு இருந்த காலத்தைப் பத்தி மூத்த பதிவர்கள் புலம்பிக் கேட்டிருக்கேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப்னு ரெண்டு தரம் வகுத்தாங்க. யுனிகோடு பரவினப்புறம்தான் நிம்மதி.

வேலை நிமித்தமா கிண்டித் தொழிற்பேட்டைக்குப் போனா அதே கதை, மெஷின் ரூபத்துல! மோட்பஸ் 1979-ல் வந்த நெறிமுறை. கேட்டா '235'னு வெறும் எண்ணைத் தரும். 235 டிகிரியா, 23.5-ஆ, இல்ல அழுத்தமா? கையேடு சொன்னாத்தான் உண்டு. அது தொலைஞ்சா, வித்த கம்பெனி கேட்கிற காசுதான்.

இதுக்குத்தான் டபிள்யூ3சி 2020 ஏப்ரலில் 'திங் டிஸ்கிரிப்ஷன்' தரத்தை வெளியிட்டது. மெஷினுக்கு ஒரு ஜாதகம்னு வச்சுக்கோங்க (பலன் சொல்லாது!). எந்த முகவரியில எந்த அளவு, என்ன அலகு, எந்த நெறிமுறையில கேட்கணும்... எல்லாம் ஒரு ஜேசன் கோப்புல. மென்பொருள் அதைப் படிச்சே பேசிக்கும்.

யுனிகோடுக்காக எல்லாரும் எழுத்துருவையே மாத்தினாங்க. இங்கே மெஷினைத் தொடவே வேணாம். புதுசு வாங்க வசதியில்லாத சின்னப் பட்டறைக்கு அதுதானே பெரிய விஷயம்?

ஆனா ஜாதகம் தானா எழுதிக்காது. பழைய மெஷினுக்குக் கையேடு கையில இருக்கும்போதே எழுதி வைங்க. புதுசுக்கு, பர்ச்சேஸ் ஆர்டர்லயே கேட்டுடுங்க. காசு கொடுத்தப்புறம் யாரு தருவா?