டிப்ரிசியேஷன் போடாத பெரியப்பா

கோல்ஃப் என்றதும் "இது பணக்காரங்க சமாச்சாரம்" என்று ஓடிவிடாதீர்கள். கோல்ஃப் பற்றித்தான் எழுதப் போகிறேன், ஆனால் விஷயம் வயசு. வயசு எல்லாருக்கும் இலவசம்.

என் பெரியப்பா ராணுவத்தில் ஓய்வு பெற்று குன்னூரில் குடியேறியவர். வயது 71. பக்கத்தில் வெலிங்டன் மைதானத்தில் வாரம் மூன்று நாள் ஆடுவார். லீவுக்குப் போனால் நான்தான் அவருக்கு கேடி. (போலீஸ் லிஸ்ட்டில் இருக்கும் கேடி இல்லை. கோல்ஃபில் மட்டைப் பையைச் சுமக்கிறவருக்கு அதுதான் பெயர்.) சுமந்து சுமந்து ஒன்று தெரிந்துகொண்டேன்: ஒருத்தருக்கு வயசாவதை அவர் பையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதலில் உடம்பு. பந்து எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மட்டையின் தலை வருகிற வேகம். மணிக்கு ஒரு மைல் வேகம் குறைந்தால் டிரைவர் அடியில் தோராயமாக இரண்டரை கஜம் போச்சு. வயசானால் தசை குறைகிறது, இடுப்பும் முதுகும் முன்போல் திரும்ப மறுக்கின்றன, மட்டையை முழுசாக ஓங்க முடிவதில்லை. தூரம் மட்டுமல்ல, உயரமும் போய்விடும். இளமையில் 3-ம் நம்பர் அயர்னில் ஜிவ்வென்று எழும்பிய பந்து இப்போது முழங்கால் உயரத்தில் ஓடிப் புல்லில் படுத்துக்கொள்ளும்.

வெலிங்டன் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, பந்து கொஞ்சம் கூடுதலாகவே பறக்கும். அதே ஆள் சென்னைக்கு வந்து ஆடினால் ஒரே நாளில் நாலு வயசு கூடின மாதிரி இருக்கும். பெரியப்பா சென்னைக்கு ஆட வராததற்கு வெயில்தான் காரணம் என்கிறார். நம்புவோம் :-)

அடுத்தது பை. விதிப்படி 14 மட்டைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. புதுசு ஒன்று உள்ளே வந்தால் பழசு ஒன்று வெளியே போக வேண்டும். முதலில் போவது 3, 4-ம் நம்பர் அயர்ன்கள். அந்த இடத்துக்கு ஹைப்ரிட் வரும். அதன் கனம் கீழேயும் பின்பக்கமும் இருப்பதால் மெதுவாக அடித்தாலும் பந்து மேலே எழும்பும். அப்புறம் ஷாஃப்ட். அயர்னில் ஸ்டீல் ஷாஃப்ட் 120 கிராம் வரை இருக்கும், கிராஃபைட்டில் அதில் பாதி எடையிலேயே கிடைக்கிறது. அதிர்வும் குறைவு என்பதால் மூட்டுவலிக்காரர்களுக்கு நல்லது. டிரைவரின் சாய்வு 9 டிகிரியில் இருந்து 12 ஆகும். பிடி தடிமனாகும், விரலை இறுக்க வேண்டியதில்லை. மென்மையான பந்து கைக்கு இதம்தான், ஆனால் அதனால் தூரம் கூடும் என்பது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு சுவாரசியம் இங்கேதான் ஆரம்பம். வயசானவர்களுக்காக இளக்கமாகச் செய்யும் ஷாஃப்டில் 'சீனியர்' என்று அச்சடித்தால் வாங்குகிறவர் கை பின்வாங்கும். அதனால் பலரும் 'ஏ', 'எம்', 'ஆர் 2' என்று நாசூக்காகப் போட்டு விற்கிறார்கள். பெரியப்பா வாங்கியது 'ஆர் 2'. "ரெகுலருக்கு அடுத்த மாடல்டா" என்றார்.

ஒரு மெஷினை வாங்கிய விலையிலேயே வருஷக்கணக்காக பேலன்ஸ் ஷீட்டில் காட்டினால் ஆடிட்டர் விடமாட்டார், தேய்மானம் கழி என்பார். பெரியப்பா தன் உடம்பை 1985-ல் இருந்த மதிப்பிலேயே காட்டிக்கொண்டிருந்தார்.

மேலே சொன்னதெல்லாம் காசு. காசே இல்லாத வைத்தியம் ஒன்று உண்டு: முன்னால் இருக்கும் டீயில் இருந்து ஆடுவது. (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்தான் டீ.) அமெரிக்காவில் 2011-ல் யு.எஸ்.ஜி.ஏ.வும் பி.ஜி.ஏ. ஆஃப் அமெரிக்காவும் சேர்ந்து 'டீ இட் ஃபார்வர்ட்' என்று இதற்காக ஒரு இயக்கமே தொடங்கின. டிரைவரில் 200 கஜம் அடிக்கிறவர் 18 குழிக்கும் சேர்த்து 5,200 முதல் 5,400 கஜம் வரை உள்ள டீயைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அது ஏமாற்று வேலையும் இல்லை. 2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, முன்னால் போனால் கிடைக்கும் சலுகை ஸ்ட்ரோக்கும் அதற்கேற்பக் குறையும்.

ஆனாலும் ஆண்கள் போகமாட்டார்கள். ரொம்ப காலம் அதற்கு 'லேடீஸ் டீ' என்று பெயர். ஐம்பதாயிரம் கொடுத்து டிரைவர் வாங்குவார்கள், ஐம்பது கஜம் முன்னால் நடக்கமாட்டார்கள்.

பெரியப்பா செட்டில் நாலு பேர். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற டாக்டர், வயது 74. போன வருஷம் "போதும்" என்று மட்டைகளைப் பரணில் ஏற்றிவிட்டார். முட்டிவலியை விட, ஒவ்வொரு குழியிலும் மற்ற மூவரும் தனக்காகக் காத்து நிற்கிறார்களே என்ற கூச்சம்தான் காரணம். ஆட்டம் நின்றதும் காலை நடையும் நின்றது, அரட்டையும் நின்றது. போன் செய்தால் அவர் மனைவிதான் எடுப்பார், "தூங்கறார்" என்பார். காலை பத்து மணிக்கு.

இப்படியே இரண்டு மாசம். ஒரு நாள் பெரியப்பா போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "டாக்டர், நாளைக்கு நாங்க மூணு பேரும் முன்னாடி டீல இருந்து ஆடறோம். நாலாவது ஆள் இல்ல. வர்றீங்களா?"

கவனியுங்கள், "நீங்க முன்னாடி ஆடுங்க" என்று சொல்லவில்லை. "நாங்க ஆடறோம்" என்றார். அது மனுஷனிடம் சலுகை காட்டுவதற்கும் துணைக்கு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். டாக்டர் வந்தார். ஒன்பது குழி ஆடினார். இப்போதும் வருகிறார். இத்தனைக்கும் செலவு பூஜ்யம் ரூபாய்.

கோல்ஃபில் வயசு கூடக் கூட எளிதாகும் ஒரு சாதனையும் இருக்கிறது: 18 குழிகளைத் தன் வயசு எண்ணிக்கையிலோ அதற்குக் குறைவாகவோ முடிப்பது. சாம் ஸ்னீட் 1979-ல் குவாட் சிட்டீஸ் ஓபனில் தனது 67-வது வயதில் 67 அடித்தார், கடைசி நாளில் 66. அவர் தொழில்முறை ஆட்டக்காரர். பெரியப்பா முன் டீயில் இருந்தே 92 அடிக்கிறார். வித்தியாசம் 21.

"கவலையே இல்லடா" என்கிறார். "இதே 92-ஐ விடாம அடிச்சிட்டிருந்தா போதும். இன்னும் 21 வருஷத்துல எட்டிடுவேன்."