எந்தப் படியில் நிறுத்தினோம்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒரே வகுப்பு மாணவர் அனைவரும் ஒரே கணிதம் பயில்வதாக நாம் எண்ணினால் அது தவறு. சாதாரண நிலை ஒன்று. அதற்கு மேல் 'ஆனர்ஸ்'. அதற்கும் மேல், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் கற்பிக்கப்படும் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்'. இக்கடைசிப் படிக்கு மே மாதத்தில் தனித் தேர்வு உண்டு. 1 முதல் 5 வரை மதிப்பீடு. 3 அல்லது அதற்கு மேல் பெற்றால், பல கல்லூரிகள் அப்பாடத்தை மீண்டும் படிக்கச் சொல்வதில்லை. மதிப்பெண்ணின் எடையும் வேறு. சாதாரணப் பாடத்தில் 'ஏ' பெற்றால் 4 புள்ளி. உயர்படியில் அதே 'ஏ'க்குப் பல பள்ளிகள் 5 புள்ளி தருகின்றன.

விரைந்து நடப்பவனை நிறுத்தி வைப்பதும் அநீதிதானே என்று கேட்கலாம். உண்மையே. ஆனால் கணிதம் ஏணியைப் போன்றது. எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் தொடங்கியவனே, வழக்கமான வரிசையில், பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதத்தை எட்டுவான். ஆகவே 13 வயதில் யாரோ இட்ட அடையாளம், 17 வயதில் எந்தக் கதவு திறக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. தாலந்து உவமையில் மண்ணைத் தோண்டிப் புதைத்தவன் ஊழியனே. இங்கோ சிறுவன் கையிலிருந்ததைப் பெரியவர்கள் புதைத்துவிட்டு அவனிடமே கணக்குக் கேட்கிறோம்!

தலைநகர் வாஷிங்டனின் பள்ளிகளில் நிலவிய தரம்பிரிப்பு, கறுப்பினச் சிறுவரையும் ஏழைச் சிறுவரையும் கீழ்ப்படியில் அடைத்துவைக்கிறது எனக் கண்ட நீதிபதி ஸ்கெல்லி ரைட், அதனைக் கைவிடுமாறு 1967இல் தீர்ப்பளித்தார். தீர்ப்பு கதவைத் திறக்கும். ஏணிக்குப் படி அமைப்பவர் வேறொருவராக இருக்கவேண்டும்.

அத்தகைய ஒருவர் பொலிவியாவிலிருந்து குடியேறிய ஆசிரியர் ஹைமே எஸ்கலாந்தே. கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸின் கார்ஃபீல்டு பள்ளியில், மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் நுண்கணிதம் கற்பித்தார். நேரடியாக உச்சிக்கு இழுத்துச் செல்லவில்லை. அடிப்படைக் கணிதத்திலிருந்தே பல்லாண்டு உழைத்துக் கீழ்ப்படிகளைக் கட்டினார். 1982இல் 18 பேர் உயர்படித் தேர்வெழுதித் தேறினர். விடைகளில் ஒத்த பிழைகளைக் கண்ட தேர்வு நிறுவனம் 14 பேர்மீது ஐயம் கொண்டது. அவர்களில் 12 பேர் மீண்டும் எழுதினர். 12 பேரும் தேறினர்.

இக்கதை 1988இல் திரைப்படமாகி உலகெங்கும் சென்றது. திரையில் இடம்பெறாத பகுதியே நம்மை உறுத்துகிறது. 1991இல் எஸ்கலாந்தே அப்பள்ளியை விட்டு விலகினார். அடுத்த சில ஆண்டுகளில் அங்கு நுண்கணிதத்தில் தேறுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. பிள்ளைகள் அதே தெருக்களிலிருந்துதான் வந்துகொண்டிருந்தார்கள்.