முள்ளில் ஏறும் பிளாஸ்டிக் புழு

பாஸ் மீன் பிடிக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் படகு, மோட்டார், சோனார் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் விரல் நீளப் பிளாஸ்டிக் புழு ஒன்றில்தான் வந்து நிற்பார்கள். அதை முள்ளில் எப்படி ஏற்றுவது என்பதில் அவர்களுக்குள் நடக்கும் சண்டை, நம் ஊர்ப் பிரியாணிச் சண்டைக்குச் சளைத்ததல்ல. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்துக்காரர் ஒருவர் அந்தப் புழுவையும், அது ஏறுகிற ஈயத்தலை முள்ளையும் வீட்டுக் கராஜிலேயே வார்த்து விற்கிறார். கான்சஸ் சிட்டியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் அவருடைய வாடிக்கையாளன். “காலையில ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கார் மாமா. வெயில் ஏறிட்டா உலைகிட்ட நிக்க முடியாதாம்” என்று எழுப்பிக் கூட்டிப்போனான்.

லாரன்ஸுக்குப் போனதில் இன்னொரு காரணமும் உண்டு. பிளாஸ்டிக் புழு பிறந்தது ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில். நிக் க்ரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் 1949-இல் வீட்டிலேயே வினைலைக் காய்ச்சி அச்சில் ஊற்றி எடுத்தார்கள். பிறகு அவர்கள் கம்பெனி டெக்சஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அணைகளில் மூழ்கிய மரங்கள் அதிகம். எதிலாவது சிக்கிக்கொள்ளாமல் இருக்க முள்முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துக் கோர்க்கும் வழக்கம் வந்தது. அதற்குப் பெயர் டெக்சஸ் ரிக். கான்சஸ் வட்டாரம் வேறு வழியில் போனது. கான்சஸ் சிட்டிக்காரர் சக் வுட்ஸ் போன்றவர்கள் குட்டி ஈயத்தலை, குட்டிப் புழு, வெளியே தெரியும் முள் என்று எளிமையாகவே வைத்துக்கொண்டார்கள். லாரன்ஸில் வசித்த நெட் கெய்டி அந்த வழியை ‘இன்-ஃபிஷர்மேன்’ பத்திரிகையில் எழுதி எழுதி ஊரறியச் செய்தார். இன்று உலகமெங்கும் ‘நெட் ரிக்’ என்று விற்பது இவர் பெயரில்தான்.

நாங்கள் பார்க்கப்போனவர் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை குலுக்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “தண்ணீர் பாட்டிலை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.” உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், அது அந்தக் கணமே ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். வேர்வைகூட விழக்கூடாது என்பதற்காக நெற்றியில் துணிப்பட்டை கட்டியிருந்தார். முகத்தில் வடிகட்டி வைத்த முகமூடி. கராஜ் கதவு முழுக்கத் திறந்திருந்தது. புகையை வெளியே இழுக்க ஒரு மின்விசிறி. அங்கே அவர் டீகூடக் குடிப்பதில்லை. வேலைச் சட்டையைத் தனியாகத் துவைக்கிறார்கள், ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று தவறாமல் பரிசோதனையும் செய்துகொள்கிறார்.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அவருடைய மின் உலைக்கு அடியில் துளை இருக்கிறது. மேலே உள்ள நெம்புகோலைத் தூக்கினால் ஈயம் கம்பியாக இறங்கும். அலுமினிய அச்சு இரண்டு பாதியாகத் திறக்கிறது. ஒரு பாதியின் பள்ளங்களில் முட்களை வரிசையாகப் படுக்க வைத்து மூடி, துளைக்கடியில் காட்டினார். நெம்புகோலைத் தூக்கி இறக்கியது கண் இமைக்கும் நேரம்தான். திறந்தால் வெள்ளியாக மின்னும் காளான் தலைகள். ஆனால் முதலில் வந்தவை பாதித் தலையாக, மூக்கு இல்லாமல் வந்தன. அச்சு சூடேறாதவரை அப்படித்தான் வருமாம். எடுத்து மறுபடி உலையிலேயே போட்டார். மெழுகுவத்திச் சுடரை அச்சின் பள்ளத்தில் காட்டிக் கரி படிய வைத்தார். கரி படிந்த பள்ளத்தில் ஈயம் தடையில்லாமல் ஓடும் என்பது பழைய வார்ப்புக்காரர்களின் கைப்பாடம். அதன்பிறகு வந்த தலைகள் பழுதில்லாமல் வந்தன. ஒட்டியிருந்த ஊற்றுவால்களைக் குறடால் நறுக்குவது அவர் மனைவியின் வேலை. சூடாக்கிய தலையை வண்ணப்பொடியில் முக்கி, சின்ன அவனில் சுட்டெடுப்பதும், தூண்டில் நரம்பு கட்டும் துளையில் அடைத்த வண்ணத்தை ஊசியால் குத்தி எடுப்பதும் அந்த அம்மாதான். துளை அடைத்திருந்தால் வாங்கியவர் ஏரிக்கரையில் நின்று தன்னைத்தான் திட்டுவார் என்று சிரித்தார்.

அன்று வார்த்த தலை ஒன்றின் எடை அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கிராம்கூட இல்லை. இவ்வளவு மெனக்கெட்டு என்ன மிஞ்சும் என்று கேட்டேன். “மணிக்கணக்குப் பார்த்தால் ஹோட்டலில் தட்டுக் கழுவப் போகலாம்” என்றார். எந்தக் குறையும் தொனிக்காமல்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது உறுத்தியது.

புழு வார்ப்பதை விரைவாகக் காட்டி முடித்துவிட்டார். பிளாஸ்டிசால் என்கிற பால் மாதிரியான திரவத்தைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, இதற்கென்றே வைத்திருக்கும் மைக்ரோவேவில் சூடாக்குகிறார். முதலில் கெட்டியாகிப் பின் இளகித் தெளிகிறது. 175 டிகிரி வாக்கில் நிறத்தையும் மினுக்குத் தூளையும் போட்டுக் கலக்கி, பெரிய ஊசிக்குழாயால் அச்சுக்குள் செலுத்துகிறார். சூடு மிஞ்சினால் மஞ்சளாகக் கருகிவிடும், மூச்சை அடைக்கும் புகையும் வரும். சில புழுக்களில் உப்புத்தூளும் சேர்க்கிறார். உப்பு சேர்ந்தால் எடை கூடி, தானாகவே மெதுவாக மூழ்கும். அதிகம் விற்கும் நிறம் கிரீன் பம்ப்கின், பழுப்பும் பச்சையும் கலந்த பாசி நிறம்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் பார்க்க வந்திருந்தேன். வேலைமேசையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்தார். கோர்ப்பதற்கு முன்னால் புழுவை முள்ளின் பக்கத்தில் வைத்து அளந்தார். தலை எங்கே முட்டும், முள்ளின் வளைவு எங்கே வரும் என்று பார்த்து, முனை வெளிவர வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நகத்தால் லேசாக ஒரு கீறல் போட்டார். வார்த்த புழுவின் பக்கவாட்டில் அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய தையல்கோடு ஓடும். வாங்குகிறவர்கள் அதைக் குறை என்று நினைப்பார்கள். அவருக்கு அதுதான் ரூல் கோடு. அது மேலே தெரியும்படி புழுவைப் பிடித்து, முள்முனையை மூக்கின் நட்டநடுவில் குத்தினார். பிறகு முள்ளை நகர்த்தவேயில்லை. புழுவைத்தான் சுருக்கிச் சுருக்கி முள்ளின்மேல் ஏற்றினார், சட்டைக்கை மடிப்பதுபோல் அது குவிந்தது. கீறல் வந்ததும் முனையை அந்தக் கோட்டின் வழியாகவே வெளியே எடுத்தார். தலைக்குக் கீழே இருக்கும் ஈயக் கழுத்துவரை தள்ளி, கழுத்தில் ஒரு பொட்டு சூப்பர் குளூ வைத்து, கடைசியாக ஓர் அழுத்து. காளானின் தட்டையான அடியோடு புழுவின் மூக்கு இடைவெளி இல்லாமல் பொருந்தியது.

இன்னொன்றை வேண்டுமென்றே கோணலாகக் கோர்த்துக் காட்டினார். வெளிவரும் இடம் தையல்கோட்டைவிட்டு நூலளவுதான் விலகியிருந்தது. தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டையும் இழுத்தார். நேராக இருந்தது மூக்கை நீட்டிக்கொண்டு வழுக்கிப் போனது. கோணலாக இருந்தது பம்பரமாகச் சுற்றியது. சுற்றுகிற புழு நரம்பையும் சேர்த்து முறுக்கிவிடும், அடுத்த வீச்சில் சிக்கு விழும். அதைவிட முக்கியம், ஏரியில் எந்த இரையும் அப்படிச் சுற்றுவதில்லை. “மீனுக்கு எதுவும் தெரிய வேண்டாம். இது சரியில்லை என்று மட்டும் தெரிந்தால் போதும், போய்விடும்” என்றார்.

எலாஸ்டெக் என்று இன்னொரு வகைப் புழு இருக்கிறது. ஸீ-மேன் கம்பெனித் தயாரிப்பு, கராஜில் வார்க்க முடியாதது. ரப்பராக இழுபடும், எளிதில் கிழியாது, தண்ணீரில் மிதக்கும். அதைக் கோர்த்தால் ஈயத்தலை தரையில் உட்கார, வால் மேல்நோக்கி எழுந்து நிற்கும். ஆனால் முள்ளைப் பிடித்துக்கொண்டு நகராது. எச்சில் தொட்டு நனைத்துத் தள்ளினார். கூடவே ஓர் எச்சரிக்கை: அதைச் சாதாரணப் புழுக்களோடு ஒரே டப்பாவில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிப் பசையாகிவிடும். என் அக்கா மகன் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தால், அந்தப் பாடத்துக்கு அவன் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறான் போலிருந்தது.

வார்ப்பு வேலை முடிந்ததும் கிளின்டன் ஏரிக்குக் கூட்டிப்போனார். வாகருசா ஆற்றை மறித்து ராணுவப் பொறியாளர் படை கட்டிய நீர்த்தேக்கம், சுமார் 7,000 ஏக்கர். கான்சஸின் காற்று பெயர்போனது. படகு ஓடாமல் இருக்கத் தண்ணீருக்குள் துணிப்பை ஒன்றை இழுக்கவிட்டு, அணையின் கற்சரிவை ஒட்டியே போனோம். மெல்லிய கழி, மெல்லிய நரம்பு. வீசிவிட்டு அவர் பெரும்பாலும் சும்மாதான் இருந்தார். புழு கல்லில் இறங்கும்வரை விட்டு, கழிமுனையை நடுங்கவைத்து, கொஞ்சம் தூக்கி, மறுபடி இறங்கவிடுவார். ஈயம் கூடினால் அது கல்லிடுக்கில் போய்ச் சிக்கும். குறைந்தால் காற்று நரம்பை வில்லாக வளைத்துவிடும். அதனால்தான் ஒரே வடிவத் தலையைப் பல எடைகளில் வார்க்கிறார். மீன் கடிப்பது கையில் அதிர்வாகத் தெரியும் என்று காத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தது. பாஸ் இரையைக் கவ்வுவதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிக்கொள்ளும், பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். அந்த இடைவெளியில்தான் முள் வேலை செய்ய வேண்டும். கழியைச் சும்மா இறுக்கினார். வெண்கல நிறமும் உடம்பில் குறுக்குப் பட்டைகளுமாக ஒரு ஸ்மால்மவுத் துள்ளி மேலே வந்தது. கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கி, முள்ளைக் கழற்றி, தண்ணீரிலேயே விட்டுவிட்டார். சாப்பிடுவதற்கில்லாமல் இவ்வளவு பாடா என்று நம் ஊரில் கேட்பார்கள். எனக்கும் அந்தக் கேள்வி முழுதாகப் போகவில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி அந்த ஈயம். கல்லில் சிக்கி அறுந்த முட்கள் அடியில் கிடக்கின்றன. அமெரிக்காவின் வடகிழக்கு ஏரிகளில் லூன் என்னும் நீர்ப்பறவை இந்தத் தலைகளை விழுங்கி ஈய நஞ்சேறிச் சாகிறது. அதனால் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவானதுமான ஈயத்தலை முட்களைத் தடை செய்திருக்கிறது. மாற்று உலோகம் டங்ஸ்டன். ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, அதனால் தலை சிறியதாக இருக்கும். மீன் பிடிக்க அதுவே மேல். ஆனால் அது உருக 3,400 டிகிரி வேண்டும், எந்தக் கராஜிலும் முடியாது. பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த உலோகம் 138 டிகிரியிலேயே உருகும். அவர் அதையும் வார்த்துப் பார்த்திருக்கிறார். விலை அதிகம், அதே எடைக்குத் தலை பெரிதாகிறது, கல்லில் மோதினால் உடைகிறது என்கிறார். ஈயத்தை விட்டால் தன் தொழில் தொழிற்சாலைகளுக்குப் போய்விடும் என்பது அவர் வாதம். அவர் கைத்திறனை எவ்வளவு மதித்தாலும், இந்த இடத்தில் நான் அவர் பக்கம் இல்லை. இரண்டு கிராம் ஈயம் ஒரு பறவையைக் கொல்லும் என்று தெரிந்தபின் அதைத் தண்ணீரில் வீசுவதற்கு நியாயம் கிடையாது. பிஸ்மத் உடைந்தால் உடையட்டும்.

இந்தப் புழுக்கள் இப்போது நம் ஊரிலும் ஆன்லைனில் கிடைக்கின்றன. விரால் பிடிக்க வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கிழிந்த புழுவைக் குளத்தில் வீசாமல் டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், அது மக்காது. வீடியோவைப் பார்த்துவிட்டுச் சமையலறை அடுப்பில் ஈயம் உருக்கும் வேலை வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.