மழை ராகத்தின் ஊருக்கு ஒரு டிக்கெட்!

உங்க போனில் எத்தனை பாட்டு இருக்கும்? ஆயிரம்? ரெண்டாயிரம்? அதில் எத்தனை பாட்டு எந்த ஊரில், யாருக்காக, என்ன நிலைமையில் பிறந்ததுன்னு உங்களுக்குத் தெரியும்?

முறைக்காதீங்க பாஸ்! கல்லூரி இரண்டாம் வருஷம் வரை எனக்கும் தெரியாது. ஒரு நாள் ஹாஸ்டல் ரூமில் 'அக்னி நட்சத்திரம்' படப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 1988-ல் வந்த படம். ஜேசுதாஸும் எஸ்.ஜானகியும் பாடுகிற அந்த ராத்திரி நேர டூயட். வயலின் கற்றுக்கொண்ட ரூம்மேட் சும்மா இருக்காமல், "டேய், இது அமிர்தவர்ஷினி ராகம். பாடினா மழை வருமாம்" என்றான்.

அக்னி நட்சத்திரம்னு பேர் வைத்த படத்தில் மழை ராகமா? இளையராஜா குறும்புக்காரர்தான்! அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் தெளியவில்லை. பாட்டைவிடப் பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கதை மேல் பைத்தியம்.

அந்த ராகத்தின் கதை இதுதான். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், வயதான காலத்தில் தன் தம்பி பாலுசுவாமியைப் பார்க்க எட்டயபுரம் வருகிறார். தம்பி அங்கே அரண்மனை வித்வான். வயலினை நம்ம கர்நாடக இசைக்குள் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர். வழியெல்லாம் வறட்சி. காய்ந்து கிடக்கும் நிலத்தைப் பார்த்து மனசு கேட்காமல் அமிர்தவர்ஷினியில் அம்பாளை நினைத்து ஒரு கீர்த்தனை பாடுகிறார். மழை கொட்டுகிறது. எவ்வளவு கொட்டுகிறது என்றால், 'போதும், நிறுத்து' என்று அவரே கேட்கிற அளவுக்கு!

ஹாஸ்டலில் பெரிய சண்டையே வந்துவிட்டது. பாதிப் பேர் "சூப்பர்டா" என்றார்கள். மீதிப் பேர் "சுத்தப் புருடா" என்றார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நீங்களும் போகலாம். மதுரை - திருநெல்வேலி ரயில் பாதையில் கோவில்பட்டியில் இறங்குங்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாயில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். கிழக்கே எட்டயபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடியுங்கள். முக்கியமான விஷயம், மே மாதத்தில் போங்கள். 'வெயிலில் ஏன் சாவணும்?' என்று கேட்பீர்கள். அந்த வெயிலைப் பார்க்கத்தான் போகிறீர்கள்.

இரண்டு பக்கமும் கரிசல் மண். கன்னங்கரேல்னு, பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கை விடலாம் போல. பருத்தி, கம்பு, உளுந்து எல்லாம் வானத்தை நம்பித்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஏமாற்றினால் அந்த வருஷமே போச்சு. கி.ராஜநாராயணன் வாழ்நாளெல்லாம் எழுதியது இந்தச் சீமையைப் பற்றித்தான். அரை மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டே போனால், 'கதை நிஜமா பொய்யா' என்ற கேள்வி கொஞ்சம் மாறிவிடும். 'இந்த ஊரில் இல்லாமல் வேறு எங்கே இப்படி ஒரு கதை பிறக்கும்?' என்று தோன்றும். தண்ணீர் ஓடும் காவிரிக் கரையில் மழைக்காக ஏங்கும் கதையை யார் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

எட்டயபுரம் சின்ன ஊர். ஆனால் ஒரே ஊருக்குள் எத்தனை பெரிய ஆட்கள்! 1882-ல் பாரதி பிறந்த வீடு இங்கேதான். கல்கி முன்னின்று நிதி திரட்ட, 1947-ல் திறக்கப்பட்ட பாரதி மணிமண்டபமும் இங்கேதான். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் இந்த மண்ணில்தான். முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் இங்கேதான் இருக்கிறது. கூட்டம் இல்லை, டிக்கெட் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் உங்க மூச்சுச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

தீட்சிதரின் பாட்டுகளைச் சுற்றிக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. திருத்தணியில் ஒரு பெரியவர் வந்து வாயில் கற்கண்டைப் போட்டாராம். உடனே முதல் பாட்டு பிறந்ததாம். வந்தது முருகனேதான் என்பார்கள். 'குருகுஹ' என்ற முத்திரை அவர் பாட்டுகளில் வருவது அதனால்தான் என்பார்கள். சென்னைப் பக்கம் இருந்தபோது ஆங்கிலேயர்களின் பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டும் அதில் அடக்கம். அந்தக் காலத்து ரீமிக்ஸ்!

கடைசிக் கதை எட்டயபுரத்தில் நடக்கிறது. 1835, தீபாவளி நாள். சீடர்களைக் கூப்பிட்டு மதுரை மீனாட்சி மேல் தான் பாடிய கீர்த்தனையைப் பாடச் சொல்கிறார். பந்தத்தை விடுவிப்பவள் என்று அம்மனை அழைக்கும் இடம் வந்தபோது உயிர் பிரிந்தது என்பார்கள். இசைக்காரர்களுக்குத் தீபாவளி என்றால் பட்டாசு மட்டுமில்லை. அது தீட்சிதரின் நினைவு நாளும்கூட.

இதில் எது நடந்தது, எது பின்னால் சேர்ந்தது? ஹாஸ்டல் சண்டையை அங்கே உட்கார்ந்தும் நான் தீர்க்கவில்லை. ஆனால் அதே ஊரில், ஆதாரத்தோடு நிற்கும் இன்னொரு கதை இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய அதிசயமாகப் பட்டது.

தீட்சிதர் இறந்து நான்கு வருஷம் கழித்து, 1839-ல் சுப்பராம தீட்சிதர் பிறக்கிறார். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவே அவரைத் தத்து எடுத்து வளர்க்கிறார். முத்துசுவாமி தீட்சிதரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பாட்டெல்லாம் குடும்பச் சொத்து மாதிரி அவர் மனசுக்குள் இருந்தது. சின்னசாமி முதலியார் என்ற இசை ஆர்வலர் 'இதை எழுதி அச்சில் கொண்டு வாருங்கள்' என்று தூண்ட, எட்டயபுரம் ராஜா ஆதரவு தர, அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் உட்கார்ந்து எழுதினார். தெலுங்கில், சுரக் குறிப்புகளோடு, சுமார் 1,700 பக்கம்! 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற அந்தப் புத்தகம் 1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சானது. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் அதில் இருக்கின்றன. இரண்டே வருஷத்தில், 1906-ல் சுப்பராம தீட்சிதர் இறந்து போனார்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு வருஷம் தள்ளிப் போட்டிருந்தால்?

இந்தக் கணக்கை அசை போட்டபடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு ஆச்சி. "எங்கருந்து வாரீக அய்யா?" என்று கேட்டார். மழை ராகக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நாங்களும் மழைக்குப் பாடுவோம்யா. மழ இல்லேன்னா பொம்பளைக எல்லாம் சேந்து மழச்சோறு எடுப்போம். வீடு வீடாப் போயி சோறு வாங்கி, ஒண்ணாக் கலந்து, மந்தையில உக்காந்து பாட்டுப் படிச்சிக்கிட்டே சாப்பிடுவோம்."

"பாடினா மழை பெய்யுமா ஆச்சி?"

"ஒரு வருசம் பெய்யும், ஒரு வருசம் பெய்யாது. அதுக்காகப் படிக்காம இருக்க முடியுமா?"

மெதுவாக இரண்டு வரி பாடினார். மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. "மறந்து போச்சுய்யா. கூடப் படிச்சவளுக இருந்தா எடுத்துக் குடுப்பாளுக. எல்லாரும் போயிட்டாளுக." திரும்பவும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். சரியாக அந்த நேரம் கோவில்பட்டி பஸ் வந்தது. நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது, போன் என் கையிலேயே இருந்தது என்று!

அந்த வருஷம் தீபாவளி லீவில் மறுபடி போனேன். டீக்கடைக்காரர், "அந்த ஆச்சியா? மக வீட்டுக்குப் போயிட்டாக தம்பி. எந்த ஊருன்னு தெரியலையே" என்றார். வெளியே நல்ல மழை. கரிசல் வெடிப்பெல்லாம் மூடிக் கிடந்தது.

எனக்கு அந்த இரண்டு வரியும் இப்போது ஞாபகம் இல்லை.

அரண்மனைப் பாட்டுக்கு ஒரு சுப்பராம தீட்சிதர் கிடைத்தார். மந்தையில் பிறந்த பாட்டுக்கு யார்? உங்க வீட்டிலும் ஒரு ஆச்சி இருப்பார். தாலாட்டோ, நடவுப் பாட்டோ, கும்மியோ ஏதாவது ஒன்று அவரிடம் இருக்கும். இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, 'இதை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, எப்பப் பாடுவீங்க?' என்று கேளுங்கள். அவர் 1,700 பக்கம் எழுதினார். நீங்கள் ஒரு பட்டனை அமுக்கினால் போதும்.

பஸ் வந்தால் போகட்டும். அடுத்த பஸ் வரும்!