டயகம மலையில் ஒரு ரொட்டி

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியே வளைந்து ஏறினால் டயகம. அப்பால் ஓட்டன் சமவெளியின் காடு. எங்கும் தேயிலைப் பசுமை; இடையிடையே கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திகள். இத்தகைய மலையில் உணவுக்குக் குறையுண்டோ என்று எண்ணத் தோன்றும்.

கடைத்தெருவில் சற்று நின்றால் உண்மை விளங்கும். மரக்கறி மூட்டைகள் லொறியேறி நகரச் சந்தைக்குப் போகின்றன. கொழுந்து பறிக்கும் பெண்ணின் பையிலோ கடல்கடந்து வந்த கோதுமையின் மா. விடியுமுன் மலைக்குப் புறப்படுகிறவளுக்கு ரொட்டி தட்டுவது எளிது. சம்பலோடு உண்டால் பசி தாங்கும். ஆனால் உடலுக்கு அது மட்டும் போதுமா?

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது, லயங்களில் மீண்டும் அரைவயிற்று இரவுகள் வந்தன.

நான் சென்ற அன்று ஒரு தாய் முட்டைகளைக் கையிலெடுத்தார். விலையைக் கேட்டு, திரும்ப வைத்துவிட்டு மாவையே வாங்கினார். லயத்தின் பின்னே கீரை போடலாமே என்றேன். அந்த மண்ணும் தோட்டத்துக்கே சொந்தம் என்று சிரித்தார்.

நேயர்களே, விரும்பியதை வாங்கும் நமக்கு அந்தச் சிரிப்பின் பொருள் புரியவேண்டும். அவருக்குக் கையளவு நிலம் உரிமையானால், ரொட்டியோடு கீரையும் சேரும்.