கல்லலில் ஒரு தேனீத் தோட்டம்

சிவகங்கைச் சீமையை வானம் பார்த்த பூமி என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். கண்மாயில் நீர் நின்றால் நெல், நில்லாவிட்டால் கருவேலம் என்பதே அங்குள்ள குடியானவரின் கணக்கு. ஆனால் காரைக்குடியிலிருந்து மானாமதுரைக்குப் போகும் ரயிலில் ஏறிக் கல்லலில் இறங்கி, கடைவீதியைத் தாண்டிச் செம்மண் பாதையில் சிறிது தூரம் நடப்பவர், பங்குனியில் பூக்கும் வேம்பையும், அதன் பின்னே வரும் புளியம்பூவையும், வரப்போரத்துப் பனைகளையும், தைலமரக் காடுகளையும், உழவர்கள் ஒருமுகமாகச் சபிக்கின்ற சீமைக்கருவேலத்தின் மஞ்சள் கதிர்களையும் தேனீயின் கண்கொண்டு பார்ப்பாராயின், வறட்சி என்னும் சொல்லை அவ்வளவு எளிதில் உச்சரிக்க மாட்டார்.

அந்தப் பாதையின் முடிவில் இருக்கும் ஒரு தென்னந்தோப்பில், கணவனும் மனைவியும் மனைவியின் தம்பியுமாக மூவர் சேர்ந்து தேனீ வளர்க்கிறார்கள். பெட்டிகளைத் தாங்கும் கால்களின் அடியில் எறும்பு ஏறாதபடி நீர் நிரப்பிய கிண்ணங்கள். மேலே வெயில் தணிக்கக் கீற்றுப் பந்தல். மின்கம்பியில் தேனீ தின்னும் பஞ்சுருட்டான் குருவிகள் வந்து அமர்ந்தால் கவணைத் தேடி ஓடும் ஒரு சிறுவன். தோப்பின் கிழக்கே இருப்பவை சிறிய பெட்டிகள். அவற்றில் நம் நாட்டுப் பொந்துத் தேனீ குடியிருக்கிறது. மேற்கே இருப்பவை பெரியவை. அவற்றில் இருப்பது இத்தாலியத் தேனீ. இரண்டுக்கும் நடுவே முப்பது அடி தூரம்கூட இல்லை. ஆயினும் இந்த இரு குடிகளையும் வளர்ப்பதற்குத் தேவையான கவலை ஒன்றல்ல என்பதையே நான் அங்கே கற்றுக்கொண்டேன்.

நம் தேனீயைப் பெட்டியில் வளர்க்கும் வித்தைக்குத் தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார், 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சி அளித்ததோடு, நம் தேனீயின் சிறு உடலுக்கும் சிறு குடும்பத்துக்கும் பொருந்துமாறு ஒரு பெட்டியையும் அமைத்துக் கொடுத்தார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், அங்கிருந்த இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் கிராமப் பணியோடு இத்தொழிலையும் இணைத்து வளர்த்தார். 1991-92 வாக்கில் ஒரு நச்சுயிரி நோய் தென்னாட்டில் பரவி, புழுக்கள் தோல்பைபோல் உப்பி மடிய, பொந்துத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. பெட்டிகள் காலியாகக் கிடந்த அந்த நிலையில்தான், 1962இல் இமயமலை அடிவாரத்து நக்ரோட்டாவில் பேராசிரியர் அத்வாலின் முயற்சியால் இந்தியாவில் வேரூன்றியிருந்த இத்தாலியத் தேனீ, தெற்கேயும் மிகுதியாக வந்து சேர்ந்தது. அதிகத் தேன் தரும் விருந்தாளி அது. ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாத விருந்தாளி.

அதற்குப் பகையாவது வர்ரோவா என்னும் உண்ணி. செம்பழுப்பு நிறம், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளம், அதைவிட அதிகமான அகலம். தேனீயின் உடலோடு ஒப்பிட்டால் அது எத்தனை பெரிய சுமை என்பது அதைக் கண்ணால் கண்ட பிறகே புலப்படும். அந்த அம்மாள் ஒரு பெட்டியைத் திறந்து, சட்டத்தைத் தூக்கி, ராணி அதில் இல்லை என்று இருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டு, அரை டம்ளர் அளவு தேனீக்களை ஒரு கண்ணாடி ஜாடியில் தட்டினார். சுமார் முந்நூறு இருக்கும். வலைமூடியின் வழியே மாவாக அரைத்த சீனியைத் தூவி, ஜாடியை மெல்ல உருட்டி, சற்று நேரம் நிழலில் வைத்து, பிறகு வெள்ளைத் தட்டின்மேல் கவிழ்த்துக் குலுக்கினார். சீனிப்பொடியோடு உண்ணிகள் உதிர்ந்தன. அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் சீனி கரைந்துபோக, கடுகைப் பாதியாக உடைத்தாற்போன்ற செந்நிறப் புள்ளிகள் கால்களை அசைத்துக்கொண்டு தட்டில் எஞ்சின. வெண்பொடி பூசிய தேனீக்களைத் திரும்பப் பெட்டியிலேயே கொட்டிவிட்டார், ஒன்றும் சாகவில்லை.

“ஒம்பதுக்கு மேல இருந்தாத்தாங்க ஐயா மருந்து. அதுக்குக் கம்மியா இருந்தா விட்டுருவோம்” என்றார் அவர். முந்நூறுக்கு ஒன்பது, அதாவது நூற்றுக்கு மூன்று என்பது மேல்நாட்டுத் தேனீ வளர்ப்போர் பலரும் கைக்கொள்ளும் எல்லை. எண்ணிப் பார்த்த பிறகே மருந்து என்னும் அந்த ஒழுக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இந்த உண்ணியின் பூர்விகம் நம் ஆசியா. அதன் பழைய இருப்பிடம் பொந்துத் தேனீயின் கூடு. 1904இல் ஜாவாவில் கிடைத்த உண்ணிகளைக் கொண்டு அவுடமான்ஸ் என்னும் டச்சு அறிஞர் இவ்வினத்துக்கு முதலில் பெயரிட்டார். உலகெங்கும் இத்தாலியத் தேனீயை அழிப்பது அதே இனமன்று, அதற்கு நெருங்கிய வேறோர் இனம் என்பது 2000ஆம் ஆண்டில்தான் ஆண்டர்சன், ட்ரூமேன் ஆகிய இருவரால் நிலைநாட்டப்பட்டது. பெண் உண்ணி, புழு அறை மூடப்படுவதற்குச் சற்று முன்பு உள்ளே நுழைந்து, புழுவின் உணவுக்கடியில் ஒளிந்துகொள்ளும். அறை மெழுகால் மூடப்பட்டு மூன்று நாளைக்குள் முதல் முட்டை இடும், அது ஆண். அதன்பின் ஏறத்தாழ முப்பது மணி நேரத்துக்கு ஒன்றாக இடுபவை அனைத்தும் பெண். அறைக்குள்ளேயே வளர்ந்து, அங்கேயே கூடி, தேனீ வெளிவரும்போது அதன் முதுகிலேறி அவையும் வெளிவரும்.

நம் பொந்துத் தேனீயின் கூட்டில் இந்த உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீயின் அறையில்தான் விருத்தியடைகிறது. வேலைக்காரத் தேனீக்கள் ஒன்றையொன்று கோதி உண்ணியைக் கடித்தெறிகின்றன. உண்ணிகள் மிகுந்து நலிந்த ஆண் தேனீயால் தன் அறையின் கடினமான மூடியைத் திறந்து வெளிவர முடிவதில்லை. மற்றத் தேனீக்களும் அதைத் திறந்துவிடுவதில்லை. ஆகவே உண்ணிகளும் அதனோடு உள்ளேயே புதைந்து மடிகின்றன. யுகக்கணக்கில் உடன்வாழ்ந்து பெற்ற பாதுகாப்பு இது. இத்தாலியத் தேனீக்கு இந்தப் பழக்கம் கைவரவில்லை. அதன் வேலைக்காரத் தேனீக்களின் அறைகளிலேயே உண்ணி தாராளமாகப் பெருகுகிறது. ஆகவே கிழக்கு வரிசைப் பெட்டிகளுக்கு இந்த உண்ணியின் பொருட்டு மருந்தே தேவைப்படவில்லை; மேற்கு வரிசைக்குத்தான் வைத்தியம்.

அந்த வைத்தியம் ஆக்சாலிக் அமிலம். வெள்ளைப் படிகமாக விற்பது. பசலையிலும் புளியாரையிலும் இயல்பாக இருப்பது. தேனிலும் அணுவளவு இருப்பது. செட்டிநாட்டு மாளிகைகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளருக்கு இது பழக்கமான சரக்குதான். சலவைக்கல்லை மெருகிடவும், மரத்திலும் தரையிலும் படிந்த துருக்கறையை நீக்கவும் வாங்குவார்கள். கறை போக்கும் அந்தச் சரக்கையே அப்படியே தேனீக்கு இடலாகாது, தூய்மை மிக்கதையே வாங்க வேண்டும் என்பதில் தோப்புக்காரர் கண்டிப்பாக இருந்தார்.

ஆவியாக்கும் கருவி அவருடைய மைத்துனர் செய்தது. டீசல் வண்டியின் ஹீட்டர் பிளக்கை ஒரு சிறு கிண்ணத்தின் அடியில் பொருத்தி, நீண்ட தகட்டுக்கைப்பிடி வைத்து, காரைக்குடியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கியிருக்கிறார். மின்சாரம் டிராக்டரின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து. பொழுது சாய்ந்து, மேயப்போன தேனீக்கள் எல்லாம் வீடு திரும்பிய வேளை. முன்கூட்டியே மேலிருந்த தேன் அடுக்குகளை எடுத்து வைத்துவிட்டு, அடிப்பலகையின்மேல் எண்ணெய் தடவிய வெள்ளை அட்டையொன்றைச் செருகியிருந்தார்கள். கிண்ணத்தில் ஒரு கிராம் படிகத்தை நிறுத்து இட்டு, கைப்பிடியை நுழைவாயில் வழியே உள்ளே தள்ளி, சுற்றிலும் ஈரச் சாக்கைத் திணித்து, கம்பியை இணைத்தார் மைத்துனர்.

“ஐயா, காத்து தெக்கேயிருந்து வருது. இந்தப் பக்கம் வந்து நில்லுங்க” என்று என்னை நகர்த்திவிட்டு, அவர் தம் முகத்தை மூடிக்கொண்டார். சில நொடிகளுக்கெல்லாம் பெட்டியின் மூடி இடுக்கில் நூல்போல் வெண்புகை கசிந்தது; அதையும் ஈரத்துணியால் அடைத்தார்கள். உள்ளே அதுவரை கேட்ட சீரான ரீங்காரம் திடீரென உரத்து எழுந்தது. அனைத்துத் தேனீக்களும் ஒருசேரச் சிறகடித்தன. இரண்டரை நிமிஷம் சூடு, பிறகு பத்து நிமிஷம் அடைத்த வாயில். அதன் பின் சாக்கை எடுத்ததும் சில தேனீக்கள் வாயிலில் வந்து நின்று விசிறத் தொடங்கின. சற்று நேரத்தில் ரீங்காரம் பழைய நிலைக்கு இறங்கியது.

சூட்டின் அளவு முக்கியம். நூறு பாகையை ஒட்டிப் படிகத்திலுள்ள நீர் வெளியேறுகிறது. சுமார் 157 பாகை செல்சியஸில் அமிலம் ஆவியாக எழுகிறது. 189ஐத் தாண்டினால் சிதைந்து, பயன் குன்றி, ஃபார்மிக் அமிலமாகவும் நச்சு வாயுவாகவும் பிரிந்துவிடுகிறது. ஆவி பெட்டியெங்கும் பரவி மீண்டும் நுண்படிகமாகத் தேனீயின் உடல்மேலும் அடைமேலும் படிகிறது, அதைத் தொட்ட உண்ணி மடிகிறது, தேனீ தாங்கிக்கொள்கிறது. கனடா 2010இலும் அமெரிக்கா 2015இலும் இதற்கு அனுமதி வழங்கின. புழு வளர்க்கும் பெட்டியடுக்கு ஒன்றுக்கு ஒரு கிராம் என்பதே அமெரிக்கர் முதலில் விதித்த அளவு.

ஆனால் இந்த ஆவி மெழுகு மூடியைத் துளைத்துச் செல்லாது. அடையில் மூடிய அறைகள் இருக்கும்வரை, உண்ணிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவற்றுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். குளிர்தேசங்களில் மார்கழிப் பனியில் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடுவதால், அப்போது ஒரே முறை ஆவியிட்டால் போதும். கல்லலில் அத்தகைய குளிர்காலம் ஏது? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூ குறைந்து முட்டையிடுதல் தளர்கிறதே தவிர, அறவே நிற்பதில்லை. ஆகவே தோப்புக்காரர் இரண்டு வழிகளைக் கையாளுகிறார். முதல் வழி, ஐந்து ஆறு நாளைக்கு ஒருமுறை, மூன்று நான்கு தடவை ஆவியிடுவது. வேலைக்காரத் தேனீயின் அறை பன்னிரண்டு நாள் மூடியிருப்பதால், அந்தக் காலத்துக்குள் வெளிவரும் உண்ணிகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு தடவையில் அகப்படும். மற்ற வழி, ராணியை இருபத்துநான்கு நாள் சிறு கூண்டில் அடைத்து வைப்பது. வேலைக்காரத் தேனீ இருபத்தொரு நாளிலும் ஆண் தேனீ இருபத்துநான்கு நாளிலும் வெளிவந்துவிடுவதால், அதற்குப்பின் மூடிய அறையே இராது. அப்போது ஒரு தடவை ஆவியிட்டால் ஏறக்குறைய முழுப் பலன். பெட்டி சற்று மெலியும் என்ற நஷ்டம் இருந்தாலும், என் அபிப்பிராயத்தில் நம் நாட்டுக்கு இரண்டாவது வழியே சிறந்தது. தொழிலாளி அமிலத்தின் அருகே நிற்கும் தடவைகள் அதனால் குறைகின்றன.

மறுநாள் காலை வெள்ளை அட்டையை உருவினார்கள். அந்த அம்மாள் ஒரு குச்சியால் உண்ணிகளைப் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணி, நோட்டுப் புத்தகத்தில் பெட்டி எண்ணுக்கு நேரே குறித்துக்கொண்டார். எந்தப் பெட்டியில் மருந்தின்றியே உண்ணி குறைந்திருக்கிறதோ, அதன் ராணியின் சந்ததியை வளர்க்க வேண்டும் என்பதும் அந்த நோட்டின் பயன். அது அவருடைய சொந்த யோசனை என்று அறிந்தபோது எனக்கு உண்டான மரியாதை கொஞ்சநஞ்சமன்று.

மைத்துனரின் முகமூடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அமில வாயுவை உறிஞ்சும் வடிகட்டிக் குப்பிகள் இருபுறமும் பொருத்தியது. கூடவே கண்ணாடி, ரப்பர் கையுறை. “மொதல்ல துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் செஞ்சேன் ஐயா. ஒரு வாரம் நெஞ்சு எரிஞ்சுச்சு. டாக்டரு திட்டினாரு. அதுக்கப்புறம் கருவியைவிட இதுக்குத்தான் கூடக் காசு” என்றார். துண்டும், கொரோனாக் காலத்துத் துணி முகமூடியும் தூசியை ஒருவாறு தடுக்கலாம். ஆவியைத் தடுக்க மாட்டா. கண்ணிலும் மூச்சுக்குழலிலும் இந்த அமிலம் செய்யும் புண் சாதாரணமன்று.

எதிர் வரிசையில் பொந்துத் தேனீப் பெட்டி ஒன்றில் புழுக்கள் உப்பி மடிவதை அவர்கள் சில காலத்துக்கு முன் கண்டிருக்கிறார்கள். அதற்கும் இந்த ஆவியை இட்டால் என்ன என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்டாராம். அந்த நோய்க்குக் காரணம் உண்ணியன்று, நச்சுயிரி. அமிலத்தால் அது தீராது. நலிந்த பெட்டியைத் தனியே பிரித்து, ராணியை மாற்றி, தாங்கி நின்ற குடும்பங்களிலிருந்து பெருக்குவதே வழி. அவர்களும் அவ்வாறே செய்தார்கள்.

குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாட்டில் வேளாண் கல்லூரியும் கல்லலுக்கு வெகு தொலைவில் இல்லை. தேனீப் பெட்டியை மானியத்தில் கொடுப்பதோடு நில்லாமல், நிறுக்கும் சிறு தராசையும், தக்க முகமூடியையும், ராணிக் கூண்டையும் இரவலாக வழங்கி, எண்ணிப் பார்த்து மருந்திடும் முறையைத் தோப்புக்கே வந்து கற்பிக்க இத்தகைய நிலையங்கள் முன்வர வேண்டும். இத்தாலியத் தேனீ வளர்க்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முகமூடி கைக்கு வரும்வரை அமிலப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்; பொந்துத் தேனீ வைத்திருப்பவர்கள் அதை வாங்கவே வேண்டாம்.